படத்தின் பின்புறம்: சிங்கப்பூர்த் தமிழ்க் குடும்பங்களில் முதியோர் புகைப்படமும் நினைவும்

1. கேள்வி

வீட்டில் மூத்தவர் ஒருவர் இறந்ததும் சிங்கப்பூர்த் தமிழ்க் குடும்பங்களில் எழும் முதல் சில கேள்விகளில் ஒன்று, "நல்ல படம் இருக்கா?" என்பது. தமிழ் முரசில் அறிவிப்புக் கொடுக்க ஒரு படம் வேண்டும். புளோக்கின் கீழ்த்தளத்தில் உடலுக்கு அருகே மாலையிட்டு வைக்க இன்னும் பெரிய படம் வேண்டும். அலமாரிகளைத் திறக்கிறார்கள், கைத்தொலைபேசிகளைத் துழாவுகிறார்கள். யாருடைய திருமணத்திலோ எடுத்த குழுப்படத்தில் பாட்டியின் முகம் பாதி கிடைக்கிறது. கடைசியில் பல வீடுகளுக்குக் கைகொடுப்பது அடையாள அட்டையிலோ கடப்பிதழிலோ இருக்கும் சின்னஞ்சிறு படம்தான். அதைப் பெரிதாக்கி, பின்னணியை நீலமாக்கி, கண்ணாடிச் சட்டம் போட்டு, சந்தன மாலை சாத்திக் கூடத்துச் சுவரில் மாட்டுகிறார்கள்.

அந்தப் படம் எடுக்கப்பட்டது அரசாங்கத்துக்காக. நேராகப் பார்க்கச் சொன்னார்கள், பார்த்தார். சிரிக்க வேண்டாம் என்றார்கள், சிரிக்கவில்லை. அதிகாரி அடையாளம் காண்பதற்கென்று எடுத்த முகமே பேரப்பிள்ளைகளுக்கு நினைவு முகமாகிவிடுகிறது.

முதியோரின் பழைய படங்களைத் தேடி அச்சிட்டு வைத்தால் குடும்ப நினைவு காக்கப்படும் என்பது இன்று பரவலான நம்பிக்கை. அந்த நம்பிக்கையைச் சோதித்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். அச்சு எதைக் காக்கிறது, எதைக் காக்கத் தவறுகிறது என்ற கேள்வியைச் சிங்கப்பூர்த் தமிழர் வரலாற்றை முன்வைத்துப் பார்க்கலாம். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அச்சு முகத்தைத்தான் காக்கும். பெயரையும் உறவையும் காப்பது படத்தின் பின்புறத்து எழுத்தும், அதை எழுத வைக்கும் பேச்சும். அந்தப் பேச்சு படத்திலிருப்பவர் உயிரோடு இருக்கும்போதே நடக்க வேண்டும்.

2. முன்னோர் ஆய்வுகள்

குடும்பப் புகைப்படத்தைச் சமூகவியல் கண்ணோடு முதலில் விரிவாகப் பார்த்தவர்களில் ஒருவர் பிரெஞ்சு அறிஞர் பியர் பூர்தியூ. 1965இல் வெளிவந்த ஆய்வில், புகைப்படம் குடும்பத்தின் முக்கியத் தருணங்களைச் சடங்காக்கி, உறவினரை ஒன்றுசேர்க்கிறது என்றார். சூசன் சோன்டாக் 1977இல் அதை மறுபக்கத்திலிருந்து பார்த்தார்: கூட்டுக் குடும்பம் சிதறத் தொடங்கிய காலத்தில்தான் ஆல்பம் பெருகியது, சிதறியவர்களின் இடத்தை அது நிரப்பியது. இரண்டையும் சேர்த்துப் படித்தால், கடல் தாண்டிய குடும்பங்களுக்குப் படம் ஏன் இவ்வளவு முக்கியம் என்பது விளங்கும்.

ரோலான் பார்த் 1980இல் வெளியிட்ட 'கேமரா லூசிடா'வில் தம் தாயின் சிறுவயதுப் படம் ஒன்றைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதினார். அந்தப் படத்தை மட்டும் நூலில் அச்சிடவில்லை. பிறர் கண்ணுக்கு அது ஏதோ ஒரு பழைய படமாகத்தான் தெரியும் என்பது அவர் சொன்ன காரணம். நம் கேள்விக்கு இது முக்கியமான சாட்சியம். படத்தின் பொருள் தாளில் இல்லை, பார்ப்பவருக்குத் தெரிந்திருப்பதில் இருக்கிறது. தெரிந்தவர் போய்விட்டால் தாள் மட்டும் மிஞ்சும்.

இந்தியச் சூழலில் கிறிஸ்டோபர் பின்னியின் 'கேமரா இண்டிகா' (1997) தவிர்க்க முடியாதது. ஸ்டூடியோவில் எடுத்த முகத்தின் மேல் தூரிகையால் வண்ணமும் நகையும் சேர்ப்பதையும், இறந்தவர் படத்துக்கு மாலையிடுவதையும் அவர் பதிவு செய்தார். 'உள்ளதை உள்ளபடி' காட்டுவது புகைப்படத்தின் வேலை என்ற எண்ணமே எல்லா இடத்துக்கும் பொதுவானதன்று என்பதை அவருடைய ஆய்விலிருந்து கற்கலாம். எலிசபெத் எட்வர்ட்ஸ் புகைப்படத்தை ஒரு பொருளாகவும் பார்க்க வேண்டும் என்றார்: அதன் தாள், சட்டம், விரல் தேய்ந்த ஓரம், பின்பக்கக் கையெழுத்து எல்லாமே சான்றுகள். தமிழகத்து ஸ்டூடியோப் படங்களை மின்னுருவாக்கும் பணி ஒன்று பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் நிலை ஆவணங்கள் திட்டத்தின் ஆதரவில் நடந்திருக்கிறது. தன்னையும் குடும்பத்தையும் தமிழர் எப்படிக் காட்டிக்கொண்டனர் என்பதே அதன் மையம்.

இந்த ஆய்வுகள் பெரும்பாலும் ஒரே ஊரில் வேரூன்றிய குடும்பங்களையோ ஸ்டூடியோக்களையோ மனத்தில் கொண்டவை. சொந்த ஊர் ஒரு கரையிலும் பிழைப்பு மறுகரையிலுமாக வாழ்ந்தவர்களின் நிலை வேறு. சிங்கப்பூரில் அது எப்படி என்பதை முதலில் காப்பகத்திலும், பிறகு வீட்டிலும் பார்ப்போம்.

3. காப்பகத்தில்: முகம் உண்டு, பெயர் இல்லை

சிங்கப்பூருக்குப் புகைப்படம் வந்தது மிக முன்னதாகவே. 1843 டிசம்பரில் கஸ்தோன் துத்ரோன்குவா என்ற விடுதிக்காரர் தகட்டுப் படம் எடுத்துத் தருவதாக விளம்பரம் செய்தார். அந்தப் புதுமையை மலாயில் வியந்து எழுதியவர், தமிழ் வழிவந்த முன்னோரையும் உடையவரான முன்ஷி அப்துல்லா. மலாக்காவில் தமிழும் கற்ற அவர், 1849இல் அச்சான 'ஹிகாயத் அப்துல்லா'வில், வெள்ளித் தகட்டில் ஊரின் உருவம் அப்படியே விழுந்திருந்ததைக் கண்ட அனுபவத்தைச் சொல்கிறார். இந்தத் தீவில் புகைப்படத்தைப் பற்றிய தொடக்கக்கால எழுத்திலேயே தமிழ்த் தொடர்பு இருக்கிறது.

படத்துக்குள் இருந்த தமிழரின் கதை வேறு. 1867இல் ஸ்டூடியோ திறந்த ஜி.ஆர். லாம்பர்ட் போன்ற நிறுவனங்கள் பயணிகளுக்கு விற்பதற்காக 'இன வகை'ப் படங்களை எடுத்தன. அக்காலத்து அஞ்சலட்டைகளில் நம்மவர் படத்தின் கீழ் அச்சிட்டிருப்பது பெரும்பாலும் 'கிளிங்' என்ற ஒரே சொல். சோழமண்டலக் கரையிலிருந்து வந்தவர்களைக் குறித்த அச்சொல் பின்னர் இழிவாகக் கருதப்பட்டு வழக்கொழிந்தது. கையில் தயிர்ப்பானை ஏந்தியவருக்கும் மாட்டுவண்டி ஓட்டியவருக்கும் பெயர் இருந்திருக்கும், ஊர் இருந்திருக்கும். படம் எடுத்தவருக்கு அவை தேவைப்படவில்லை.

காசு கொடுத்து மக்கள் தாங்களே எடுத்துக்கொண்ட படங்களாவது பெயரோடு நிற்கின்றனவா? ஹில் ஸ்ட்ரீட்டில் 1910 முதல் இயங்கிய லீ பிரதர்ஸ் ஸ்டூடியோவின் 2,500க்கு மேற்பட்ட கண்ணாடித் தகடுகளை அக்குடும்பம் 1994இல் தேசிய ஆவணக் காப்பகத்துக்கு அளித்தது. அடுத்த ஆண்டு கிரெட்சென் லியூ அவற்றிலிருந்து தேர்ந்தெடுத்து ஒரு நூல் வெளியிட்டார். சீனர், மலாய்க்காரர், இந்தியர், ஐரோப்பியர் என எல்லாரும் அந்தத் தகடுகளில் இருக்கிறார்கள். பட்டும் நகையும் அணிந்து, ஓவியத் திரைக்கு முன் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களில் பலர் யாரென்று இன்று தெரியாது. தகடு பழுதின்றி இருக்கிறது, தொழில்நுட்ப அளவில் பாதுகாப்பு முழு வெற்றி. ஆனால் குடும்ப நினைவு என்ற அளவில் அவை அநாதைகள்.

தாளும் தகடும் நூறாண்டு நீடித்தாலும் பெயர் தானாக நீடிக்காது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

4. வீட்டில்: பெயர் உண்டு, முகம் இல்லை

வீடுகளில் நிலைமை தலைகீழ். கொள்ளுத்தாத்தாவின் பெயர் தெரியும், கப்பலேறிய துறைமுகம் தெரியும், கடற்படைத் தளத்திலோ துறைமுகத்திலோ வேலை பார்த்தார் என்பதும் தெரியும். படம் இருக்காது.

இதற்குக் காரணங்கள் பல. போருக்கு முன் வந்த தமிழரில் பெரும்பாலோர் தனியாக வந்த ஆண்கள். ஸ்டூடியோவுக்குச் சென்று படம் எடுத்துக்கொண்டாலும் அதை ஊருக்கு அனுப்பினார்கள். நலமாக இருப்பதற்கு அதுவே சாட்சி. ஆகவே சிங்கப்பூர் வாழ்வின் படங்கள் தஞ்சாவூரிலோ இராமநாதபுரத்திலோ ஏதோ ஒரு டிரங்குப் பெட்டிக்குள் போய்ச் சேர்ந்தன. குடும்பமாக வந்து தஞ்சோங் பகாரில் குடியேறிய கடையநல்லூர், தென்காசி முஸ்லிம்கள் போன்ற சமூகங்கள் இதற்கு விலக்கு. 1941இலேயே சங்கம் அமைக்கும் அளவுக்குக் கடையநல்லூரார் இங்கு வேர்விட்டிருந்தார்கள். ஆனால் தொழுகை நடக்கும் வீட்டுச் சுவரில் உருவப்படம் மாட்டுவதைத் தவிர்க்கும் குடும்பங்கள் அவர்களிடையே உண்டு. அங்கே நினைவு அலமாரிக்குள் ஆல்பமாக இருக்கும்.

இரண்டாவது காரணம், யாருடைய படம் எடுக்கத்தக்கது என்பதைப் பற்றிய பழைய கணக்கு. படம் எடுத்தால் ஆயுள் குறையும் என்ற அச்சம் தமிழகத்திலும் இங்கும் பெண்களைப் பற்றியே அதிகம் பேசப்பட்டது. கைம்பெண்கள் சுபநிகழ்ச்சிகளில் பின்னால் ஒதுங்கி நின்றார்கள். குழுப்படங்கள் எடுக்கப்பட்டது அதே நிகழ்ச்சிகளில்தான். ஆகவே இளவயதில் கணவரை இழந்த பாட்டிக்கு நாற்பது ஆண்டுக் காலம் ஒரு படம்கூட இல்லாமல் போவதில் வியப்பில்லை. குடும்ப ஆல்பத்தைக் குடும்ப வரலாறாகப் படிக்கும்போது, அதில் இல்லாதவர்கள் யார் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

இந்த நிலையில்தான் 1948 வருகிறது. அவசரகாலச் சட்டத்தின்கீழ் மக்களைப் பதிவு செய்து, படமும் கைரேகையும் கொண்ட அடையாள அட்டை வழங்கினார்கள். கண்காணிப்புக்காகச் செய்த ஏற்பாடு. ஆனால் ஸ்டூடியோ வாசலையே மிதிக்காத எத்தனையோ தொழிலாளருக்கும் அவர்தம் மனைவியருக்கும் வாழ்நாளின் முதல் படம் அதுவாகத்தான் இருந்திருக்கும். அரசாங்கம் ஒரு காரணத்துக்காக எடுத்ததைக் குடும்பம் இன்னொரு காரணத்துக்காகப் பயன்படுத்திக்கொண்டது. சுவரில் தொங்கும் கடப்பிதழ்ப் பாணி முகங்களை இப்படிப் பார்த்தால், அவற்றின் விறைப்புக்கும் ஒரு வரலாறு கிடைக்கிறது.

படம் இல்லாதது பெரிய இழப்பாவதற்கு இந்தத் தீவுக்கே உரிய காரணம் ஒன்றும் உண்டு: கல்லறைக்கு இங்கே நிரந்தரமில்லை. பிடாடரி இடுகாடு 2001 முதல் 2006 வரை தோண்டியெடுக்கப்பட்டு, இன்று அங்கே வீடுகள் எழுந்துள்ளன. 1998இல் வந்த விதிப்படி சுவா சூ காங்கில் புதைக்கப்படுபவர்களுக்குப் பதினைந்து ஆண்டுகளே இடம். இந்துக்களில் பெரும்பாலோர் தகனம் செய்து அஸ்தியைக் கடலில் கரைக்கிறார்கள். முன்னோரைச் சென்று பார்க்க ஓர் இடம் இல்லாத ஊரில், ஆடி அமாவாசைக்கும் திவசத்துக்கும் படையல் வைக்க ஓர் இடம் வேண்டும். தெற்குச் சுவரில் மாட்டிய படமே அந்த இடமாகிறது.

அந்தச் சுவரும் நிலையானதன்று. 1960இல் அமைந்த வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் கம்பங்களிலிருந்தும் குடியிருப்பு வரிசைகளிலிருந்தும் மக்களை அடுக்குமாடிக்கு மாற்றியது. அதன்பிறகும் வீடுமாற்றம் நிற்கவில்லை. ஒவ்வொரு மாற்றத்தின்போதும் எது வண்டியில் ஏறும், எது குப்பைக்குப் போகும் என்று யாராவது முடிவு செய்கிறார்கள். லிட்டில் இந்தியாவிலிருந்து நடந்து செல்லும் தூரத்தில் இருந்த சுங்கை ரோடு பழம்பொருள் சந்தை 2017 ஜூலை 10 அன்று மூடப்படும்வரை, வீடு காலி செய்தவர்கள் கழித்த எத்தனையோ பொருள்கள் அதன் தரையில் பரப்பிக் கிடந்தன. பெயர் எழுதாத படத்துக்கு வீட்டிலிருந்து அங்கே போய்ச் சேர ஒரு தலைமுறை போதும்.

5. அச்சா, திரையா?

எல்லாம் கைத்தொலைபேசியில் இருக்கும்போது அச்சிடுவது எதற்கு என்று கேட்பது நியாயம். அச்சு நீடித்து நிற்கும் என்பது வழக்கமான பதில். சிங்கப்பூரில் அந்தப் பதில் அரைகுறையாகவே செல்லும்.

இங்கே காற்றின் ஈரப்பதம் ஆண்டுச் சராசரியில் 80 விழுக்காட்டுக்கு மேல். புகைப்படத் தாளின் மேற்பூச்சான ஜெலட்டின் ஈரத்தை உறிஞ்சிப் பூஞ்சைக்கு உணவாகிறது, சட்டத்தின் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்கிறது. ஒட்டிய படத்தைப் பிய்த்தெடுத்தால் முகம் கண்ணாடியோடு போய்விடும். அப்படியே வைத்துப் படியெடுப்பதே வழி. கறுப்பு வெள்ளைப் படங்கள் ஓரளவு தாங்கும். 1970களின் வண்ணப் படங்கள் இருட்டில் வைத்திருந்தாலும் மங்கும். அவற்றின் நீலப்பச்சைச் சாயம் முதலில் கரைவதால் திருமண ஆல்பம் முழுவதும் செம்மை படர்ந்துவிடுகிறது. பசைத்தாளும் நெகிழித் திரையும் கொண்ட ஆல்பங்கள் படத்தைக் காப்பதைவிடக் கெடுப்பதே அதிகம்.

மின்படிக்கு இந்தக் குறைகள் இல்லை. ஒரே நேரத்தில் நான்கு நாடுகளில் நான்கு படிகள் இருக்கலாம். பெருந்திரளான நினைவைத் திரட்டவும் அது ஏற்றது. தேசிய நூலக வாரியத்தின் சிங்கப்பூர் நினைவுத் திட்டம் 2011இல் தொடங்கியபோது 50 லட்சம் நினைவுகளை இலக்காக வைத்தது. காகிதத்தைக் கொண்டு அப்படி ஓர் இலக்கை நினைத்துப் பார்க்கவே முடியாது. நீடிப்பு ஒன்றே அளவுகோல் என்றால் திரைதான் வெல்லும்.

அச்சின் பலம் வேறிடத்தில் இருக்கிறது. ஜான் காலியர் என்ற மானிடவியலாளர் 1957இல் ஓர் ஒப்பீட்டை வெளியிட்டார். கனடாவில் நடந்த கள ஆய்வில், படம் இல்லாமல் எடுத்த நேர்காணலைவிடப் படத்தைக் கையில் கொடுத்து எடுத்த நேர்காணல் துல்லியமாகவும் வளமாகவும் அமைந்தது. மனிதர்கள் களைக்காமல் பேசினார்கள். இதைச் சோதிக்க ஆய்வுக்கூடம் தேவையில்லை. எண்பது வயதுப் பாட்டியிடம் கைத்தொலைபேசியில் படத்தைக் காட்டினால், விரல் தவறிப் பட்டு அடுத்த படத்துக்குப் போய்விடும். ஒரு நொடி பார்த்துத் திருப்பித் தருவார். அதையே உள்ளங்கை அளவில் அச்சிட்டு மடியில் வைத்தால், வெளிச்சத்துக்குத் திருப்புவார், கண்ணாடியைத் தேடுவார், பக்கத்தில் நிற்பவரைக் காட்டி "இது யாரு தெரியுதா?" என்று நம்மையே கேட்பார். கேள்வி அவரிடமிருந்து பிறந்துவிட்டால் பிறகு நாம் கேட்டுக்கொண்டிருந்தால் போதும்.

ஆகவே அச்சு, வேலை முடிந்து கிடைக்கும் நினைவுப்பொருள் என்பதைவிட, வேலையைத் தொடங்கி வைக்கும் கருவி என்பதே பொருந்தும். 1979 முதல் வாய்மொழி வரலாறு திரட்டும் சிங்கப்பூரில் இந்த முறை புதிதன்று. வீடுகளுக்குள் அது இன்னும் வரவில்லை.

6. திருத்தமும் திரிபும்

அச்சிடக் கொடுக்கும் படத்தை உள்ளபடியே யாரும் அச்சிடுவதில்லை. கீறலை அழிக்கிறார்கள், வண்ணம் ஏற்றுகிறார்கள், தனித்தனியே எடுத்த தாத்தா பாட்டி படங்களை அருகருகே சேர்த்து ஜோடிப் படமாக்குகிறார்கள். ஜோடியாக ஒரு படம்கூட எடுத்துக்கொள்ளாத தம்பதியருக்குப் பிள்ளைகள் இறப்புக்குப் பின் செய்யும் மரியாதை அது. பின்னி காட்டியதுபோல், குடும்பத்தின் கண்ணில் அது பொய்யாகத் தெரிவதில்லை. விட்டுப்போனதை நிரப்புவதாகவே தெரிகிறது.

இன்றைய செயற்கை நுண்ணறிவுக் கருவிகளின் திருத்தத்தை அதே கணக்கில் சேர்க்கலாமா? சேர்க்க முடியாது என்றே நினைக்கிறேன். 45 மில்லிமீட்டர் உயரமுள்ள படத்தை 25 சென்டிமீட்டருக்குப் பெரிதாக்கினால் ஐந்தரை மடங்குக்கு மேல் விரிகிறது. சிறிய அச்சுப்படத்தில் அவ்வளவு விவரம் பதிந்திருப்பதில்லை. இல்லாத விவரத்தைக் கருவி வேறு முகங்களிலிருந்து ஊகித்து இட்டு நிரப்புகிறது. பழைய ஓவியர் பாட்டிக்கு ஒரு சங்கிலியைச் சேர்த்தால் அது சேர்த்தது என்று வீட்டார் எல்லாருக்கும் தெரியும். கருவி சேர்த்த கன்னமும் உதடும் யாருடையவை என்று எவருக்கும் தெரியாது.

இழப்பு நுட்பமானது. பாம்படமும் தண்டட்டியும் அணிந்து தோள்வரை தொங்கிய காதுமடலைக் கருவி குறைபாடாக எடுத்துக்கொண்டு சீராக்கிவிடலாம். முன்கையில் குத்திய பச்சையைக் கறையென்று துடைத்துவிடலாம். தோலின் நிறத்தை இரண்டு படி வெளுக்கச் செய்யலாம். தென்மாவட்டத்துக் கிராமம் ஒன்றிலிருந்து வந்தவர் என்பதற்கு அந்தப் பெண்மணியின் உடலே சுமந்துவந்த சான்றுகள் அவை. பூர்வீகம் தேடும் கொள்ளுப்பேத்திக்கு அழகான கன்னத்தைவிட அந்தக் காதுமடல் பயன்படும்.

திருத்தவே கூடாது என்று இதனால் சொல்லிவிட முடியாது. பூசைக்கு வைக்கும் படமும் சான்றாக வைக்கும் படமும் வெவ்வேறு என்று ஒப்புக்கொண்டால் போதும். திருத்தாத படி ஒன்றை, கீறலும் கறையுமாக, அச்சிட்டுத் திருத்திய படத்தின் பின்னால் வைத்துவிடலாம்.

7. யார் எழுதுவது, எந்த மொழியில்

பின்புறத்தில் எழுத வேண்டும் என்று சொல்வது எளிது. எழுதும்போது மூன்று சிக்கல்கள் எதிர்ப்படும்.

முதலாவது மொழி. வீட்டில் அதிகம் பேசும் மொழி தமிழ் என்று சொன்னவர்கள் 2010ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், ஐந்து வயதும் அதற்கு மேலுமுள்ள சிங்கப்பூர்வாசிகளில், 3.3 விழுக்காடு, 2020இல் 2.5 விழுக்காடு. பாட்டி கைப்பட எழுதியதைப் பேரனின் மகன் படிக்க முடியாமல் போகலாம். அதற்காக ஆங்கிலத்தில் மட்டும் எழுதினால் வேறோர் இழப்பு. 'ஆன்டி' என்று எழுதிவிட்டால் அத்தையா, சித்தியா, பெரியம்மாவா, மாமியா என்பது அழிந்துவிடும். தாய்வழியா தந்தைவழியா என்பதையே சொல்லும் சொற்கள் அவை. உறவுச் சொல்லைத் தமிழிலும் விளக்கத்தை இரு மொழியிலும் எழுதுவதே பொருத்தம்.

இரண்டாவது, யார் சொல்லும் கதை. ஒரே படத்துக்குப் பெரியப்பா ஒரு விவரமும் அத்தை வேறொரு விவரமும் சொல்வார்கள். குடும்ப நினைவு இப்படித்தான் இருக்கும். ஒன்றை வெட்டி மற்றொன்றை நிறுவத் தேவையில்லை. யார் சொன்னது, எந்த ஆண்டு சொன்னது என்று இரண்டையும் எழுதி வைத்தால், பின்னால் வருபவர் எடைபோட்டுக்கொள்வார்.

மூன்றாவது, முதியவரின் விருப்பம். எல்லாப் படத்தையும் எல்லாருக்கும் காட்ட அவர் விரும்பாமல் இருக்கலாம். முறிந்த திருமணம், ஊரில் விட்டுவந்த முதல் குடும்பம், ஜப்பானியர் காலத்தில் காணாமற்போன தம்பி என்று சில படங்களுக்கு அருகே அவர் மௌனமாகிவிடுவார். நினைவைக் காக்கும் ஆர்வம் அந்த மௌனத்தை உடைக்கும் உரிமையைத் தராது. எந்தப் படம் சுவருக்கு, எது அலமாரிக்கு, எது தம்மோடு போக வேண்டும் என்பதைச் சொல்லும் முதல் உரிமை அவருக்கே. இறந்தபின் அவசரமாகப் படம் தேடும் வழக்கத்தில் பறிபோவது இந்த உரிமைதான்.

8. முடிவாக

இறந்தவரை உருவத்தோடு நிறுத்தி வைக்கும் பழக்கம் தமிழருக்குப் புகைப்படத்தோடு வந்ததன்று. நடுகல் மரபில் வீரனின் உருவத்தைச் செதுக்கி, அருகே அவன் பெயரையும் எந்தப் பூசலில் இறந்தான் என்பதையும் வெட்டினார்கள். செங்கம் பகுதியில் கிடைத்த பல்லவர் காலக் கற்கள் அத்தகையவை. அவற்றுக்குப் பல நூற்றாண்டு முந்தைய கற்களைத் தமிழ்ப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் கண்டெடுத்தார்கள். அவற்றில் உருவமே கிடையாது, தமிழி எழுத்து மட்டும் இருக்கிறது. ஆனாலும் அங்கே நினைக்கப்பட்டவர் யார், எதற்காகக் கல் நட்டார்கள் என்பது இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் மேலான பிறகு நமக்குத் தெரிகிறது. ஹில் ஸ்ட்ரீட் தகடுகளில் பட்டுடுத்தி அமர்ந்திருப்பவர்களின் கண்ணிமை முடியைக்கூட எண்ணிவிடலாம். பலரை இன்னார் என்று சொல்ல முடியவில்லை.

இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்தால், பழைய படங்களை அச்சிடும் குடும்பங்கள் எதில் அதிகக் கவனம் செலுத்த வேண்டும் என்பது தெளிவாகிறது. தாளின் தரமும் சட்டத்தின் அழகும் இரண்டாம் நிலைதான். தாள் புடைக்காமல் மென்மையான பென்சிலால் பெயர், அவர் இன்னாருக்கு என்ன முறை, ஊர், எடுத்த இடம், தோராயமான ஆண்டு, சொன்னவர் பெயர் என ஆறு விவரங்களை எழுத ஐந்து நிமிடம் ஆகும். அந்த ஆறையும் சொல்லக்கூடியவர் இன்னும் நம்மிடையே இருக்கிறாரா என்பதுதான் கேள்வி. இருந்தால், அடுத்த ஞாயிற்றுக்கிழமை தேக்காவுக்குக் காய்கறி வாங்கப் போகும்போது நான்கு படங்களை அச்சிட்டு வாங்கி, அவர் மடியில் வைக்கலாம்.